ப்ளூபெர்ரியா, நாவலா, கொய்யாவா? வேலூர் வீட்டுக்கு எது சரி

வேலூரில் ப்ளூபெர்ரி இப்போது அதிசயப் பொருள் இல்லை. காட்பாடி காந்தி நகர், சத்துவாச்சாரி பக்கம் இருக்கிற பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளின் குளிர்பெட்டியில், கிவிக்கும் டிராகன் பழத்துக்கும் பக்கத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு டப்பா 125 கிராம். விலை 200 ரூபாய்க்குக் கீழே இறங்குவது அபூர்வம். 300ஐத் தாண்டுவதும் உண்டு. அதே பணத்துக்கு நேதாஜி மார்க்கெட்டில் இரண்டு கிலோவுக்கு மேல் கொய்யா வாங்கிவிடலாம். ஆனாலும் டப்பா விற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

வாங்குகிறவர்களைக் கவனித்தால் பெரும்பாலும் இரண்டு வகை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற பெற்றோர் ஒரு வகை: "தினமும் ஒரு கைப்பிடி சாப்பிடுங்கம்மா, ஞாபக மறதி வராது" என்று போனில் உத்தரவு வந்திருக்கும். சர்க்கரை வந்து புதிதாக உணவுக் கட்டுப்பாட்டில் இறங்கியவர்கள் இன்னொரு வகை. என் அத்தை இரண்டிலும் சேர்த்தி. "நெசமாவே இதுல அவ்ளோ இருக்குதா, இல்ல டப்பாவுக்குத்தான் துட்டா?" என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்க நேரம் இல்லாதவர்களுக்கு உதவும். ப்ளூபெர்ரி நல்ல பழம். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வேலூர் மாதிரி ஊரில் மாதச் சம்பளத்தில் ஓடுகிற வீட்டுக்கு, வருஷம் முழுக்கக் கொய்யா, ஆனி ஆடியில் நாவல், இடையிடையே பன்னீர் திராட்சை என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். ப்ளூபெர்ரிக்குப் பணம் கொடுக்கலாம் என்று நான் ஒப்புக்கொள்கிற இடங்களும் சில உண்டு. அவற்றில் முக்கியமானது சிறுநீரகம் சம்பந்தப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ப்ளூபெர்ரிக்கு இருக்கும் ஆதாரம்

இது வட அமெரிக்கக் காட்டுப் புதர். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் எலிசபெத் வைட் என்ற பெண்மணியும் ஃபிரெடரிக் கோவில் என்ற தாவரவியலாளரும் சேர்ந்து காட்டுச் செடிகளைப் பொறுக்கி எடுத்து வளர்த்து, 1916இல்தான் முதல் தோட்டப் பழம் விற்பனைக்கு வந்தது. அதாவது பயிராகி நூறு வருஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை உள்ள மண் இருந்தால்தான் இந்தச் செடி பிழைக்கும் என்பதைக் கண்டுபிடித்ததே அந்த ஃபிரெடரிக் கோவில்தான். கூடவே பெரும்பாலான ரகங்களுக்குக் குளிர்காலமும் வேண்டும். வேலூர் வெயிலில் தொட்டியில் வைத்து வளர்க்கலாம் என்று யாராவது கன்று விற்றால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று உலகிலேயே அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடு பெரு. நம் கடைக்கு வரும் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பெரு, சிலி என்ற பெயர்கள் கண்ணில் படும்.

சத்துக் கணக்கு மட்டும் பார்த்தால் ப்ளூபெர்ரி சாதாரணப் பழம். 100 கிராமில் 57 கலோரி, சர்க்கரை சுமார் 10 கிராம், நார்ச்சத்து 2.4 கிராம், வைட்டமின் சி 10 மில்லிகிராமுக்கு ஒட்டி. ஆச்சரியப்பட எதுவும் இல்லை. அதன் பெயர் பரவியதற்குக் காரணம் தோலில் இருக்கும் நீல ஊதா நிறமி. ஆந்தோசயனின் என்பார்கள். பழத்தை நகத்தால் கீறிப் பாருங்கள்: தோல்தான் கருநீலம், உள்ளே வெளிர்பச்சை. நிறமி கிட்டத்தட்ட முழுதும் தோலில்தான். அதனால்தான் பெரிய பெரிய உருண்டைகளாக இருக்கும் விலை உயர்ந்த ரகத்தைவிடச் சின்னப் பழத்தில் எடைக்கு எடை நிறமி அதிகம் கிடைக்கும். கடையில் இதற்கு நேர்மாறாக விலை போடுகிறார்கள்.

ஆராய்ச்சிகள் உண்மையில் நிறைய இருக்கின்றன. 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒன்று, அமெரிக்காவில் 1,87,000 பேருக்கு மேல் பல வருஷம் பின்தொடர்ந்தது. வாரம் மூன்று முறை ப்ளூபெர்ரி சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 26 சதவீதம் குறைவாக இருந்தது. திராட்சைக்கு 12 சதவீதம். பழச்சாறு குடித்தவர்களுக்கோ வாய்ப்பு கூடியிருந்தது. அதே 2013இல் 93,600 நர்ஸ்களை 18 வருஷம் கவனித்த இன்னொரு ஆய்வில், ப்ளூபெர்ரியும் ஸ்ட்ராபெர்ரியும் வாரம் மூன்று முறைக்கு மேல் சாப்பிட்ட பெண்களுக்கு மாரடைப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2012இல் வந்த ஒரு ஆய்வு, 70 வயது தாண்டிய பெண்களில் பெர்ரி அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நினைவாற்றல் சரிவு இரண்டரை வருஷம் வரை தள்ளிப்போனதாகச் சொன்னது. போனில் வரும் "ஞாபக மறதி" உத்தரவுக்கு மூலம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இவை எல்லாம் கவனித்து எழுதிய ஆய்வுகள். அமெரிக்காவில் வாரம் மூன்று முறை ப்ளூபெர்ரி வாங்கிச் சாப்பிடுகிற பெண், பொதுவாக வசதியும் படிப்பும் உள்ளவராக, சிகரெட் பிடிக்காதவராக, நடைப்பயிற்சி போகிறவராக இருப்பார். ஆய்வாளர்கள் இதையெல்லாம் கழித்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். இருந்தாலும் முழுசாகக் கழிக்க முடியாது.

ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து, பழத்தைக் கொடுத்து, ஆறு மாதம் கழித்துச் சோதித்த ஆய்வு 2019இல் வந்தது. இடுப்பு பெருத்து, சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் எட்டிப்பார்க்கும் நிலையில் இருந்த 115 பேர். தினமும் 150 கிராம் பழத்துக்குச் சமமான பொடி சாப்பிட்டவர்களுக்கு ரத்தக் குழாய் விரிந்து கொடுக்கும் திறன் கூடியது; நல்ல கொழுப்பும் கொஞ்சம் ஏறியது. பாதி அளவு, அதாவது 75 கிராம் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்சுலின் எதிர்ப்பில், அதாவது இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காத நிலையில், யாருக்கும் மாற்றம் இல்லை. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் அமெரிக்க ப்ளூபெர்ரி விவசாயிகளின் கவுன்சிலும் உண்டு. அதனால் ஆய்வு பொய் என்று சொல்லவில்லை. பாதி அளவுக்குப் பலன் இல்லை என்பதையும் மறைக்காமல்தானே எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த 150 கிராம். நம் கடை டப்பாவைவிடக் கூடுதல் அது. டப்பா 250 ரூபாய் என்று வைத்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 ரூபாய், மாதம் 9,000 ரூபாய். ஓட்ஸ் மேல் பத்துப் பழத்தைத் தூவி, படம் எடுத்து, சாப்பிட்டுவிட்டு, "நான் ப்ளூபெர்ரி சாப்பிடுகிறேன்" என்றால் அது அந்த ஆய்வு சொன்ன ப்ளூபெர்ரி இல்லை.

ஆன்டிஆக்சிடன்ட் என்ற வார்த்தையையும் இங்கேயே முடித்துவிடலாம். எந்தப் பழத்துக்கு எத்தனை மார்க் என்று ஒரு பட்டியல் ரொம்ப நாள் சுற்றியது. அமெரிக்க வேளாண் துறையே அதை வெளியிட்டிருந்தது. சோதனைக் குழாயில் வரும் மார்க்குக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் இல்லை, கம்பெனிகள் விளம்பரத்துக்குத்தான் அதைப் பயன்படுத்துகின்றன என்று சொல்லி 2012இல் அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். இன்னமும் அந்த மார்க்கைப் போட்டுப் பொடி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நாவல்: நேரடிப் போட்டியாளர்

ப்ளூபெர்ரியின் பலன் அந்த ஊதா நிறமியால்தான் என்றால், நம் ஊரில் அதற்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய பழம் நாவல்தான். டெல்ஃபினிடின், பெடுனிடின், மால்விடின் என்று வேதியியல் பெயர்கள் இருக்கின்றன. இந்த நிறமிக் குடும்பங்கள் இரண்டு பழத்திலும் உண்டு. நாக்கில் ஏறும் ஊதாவுக்கும் இவைதான் காரணம். சத்துக் கணக்கும் ஏறக்குறைய ஒன்றே: நாவலில் 100 கிராமுக்கு 60 கலோரி, வைட்டமின் சி 14 மில்லிகிராம். அந்த விஷயத்தில் ப்ளூபெர்ரியைவிடக் கொஞ்சம் மேல்.

வித்தியாசம் ஆராய்ச்சியில். ஒரு லட்சம் பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்து நாவலைப் பற்றி யாரும் ஆய்வு நடத்தவில்லை. நடத்த யார் பணம் கொடுப்பார்கள்? ஏரிக்கரையிலும் கோயில் நிலத்திலும் நிற்கிற மரத்துக்குக் கவுன்சில் கிடையாது. ஆகவே "நாவல் சாப்பிட்டால் சர்க்கரை குறையும்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். "நாவலில் ஒன்றும் இல்லை, ப்ளூபெர்ரிதான் நிரூபிக்கப்பட்டது" என்றாலும் நம்பாதீர்கள். ஒன்றுக்கு ஆய்வு நடந்திருக்கிறது, இன்னொன்றுக்கு நடக்கவில்லை. அவ்வளவுதான் தெரியும். நிறமி ஒன்றாக இருக்கும்போது பலனும் ஓரளவு ஒத்திருக்கும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்த செலவில் கிடைக்கும்போது அந்த ஊகத்தின் மேல் பணம் கட்ட எனக்குத் தயக்கம் இல்லை.

வெயில் தணிந்து முதல் மழை விழுந்ததும் வேலூர் தெருக்களில் நாவல் வண்டி வந்துவிடும். இரண்டு ரகம் பார்க்கலாம். பெரிய, நீளமான பழம் பெரும்பாலும் ஆந்திரா பக்கமிருந்து வருவது. சதை அதிகம், இனிப்பு அதிகம், கால் கிலோ 50, 60 ரூபாய் என்பார்கள். சின்ன உருண்டையான நாட்டு நாவல் துவர்ப்பு. கொட்டைக்கு மேல் சதை கொஞ்சம்தான். பெரிய பழத்தைப் பிளந்தால் உள்சதை வெளுப்பாக, லேசான ரோஸ் நிறத்தில் இருக்கும். நாட்டு நாவலில் ஊதா உள்ளே வரைக்கும் இறங்கியிருக்கும். நிறமிக்காக வாங்குகிறவர் துவர்ப்பைப் பொறுத்துக்கொண்டு சின்னதை எடுக்கலாம். எதுவானாலும் மண் போக அலசிச் சாப்பிட வேண்டும், உலுக்கி விழுந்த பழம் அது.

பால் குடித்த கையோடு நாவல் தின்னாதே என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவார்கள். அவர்கள் சொல்லும் காரணம் வேறு. ஆனால் ப்ளூபெர்ரியைப் பாலோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த 2009ஆம் வருஷத்துச் சின்ன ஆய்வொன்றில், பால் சேர்ந்தால் பழத்தின் ஃபீனாலிக் அமிலங்கள் என்ற தாவரப் பொருட்கள் ரத்தத்தில் சேர்வது குறைந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் 300 ரூபாய்ப் பழத்தை மில்க் ஷேக் அடிக்கிறவர்கள் யோசிக்கலாம்.

நாவலின் பெரிய குறை, சீசன் முடிந்தால் ஆளைக் காணோம். கொட்டை நீக்கி ஃப்ரீசரில் வைத்தால் நிறமி பெருமளவு அப்படியே இருக்கும்; சதை தளர்ந்து போகும், ஆனால் தயிர்ப் பச்சடிக்கோ வெறுமனே ஸ்பூனால் சாப்பிடவோ போதும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் நாவல் கொட்டைப் பொடி வேறு கதை. எலிகளில் சர்க்கரை குறைந்ததாக ஆய்வுகள் உண்டு. அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு என்ன ஆகும் என்பதை ஊரில் எந்த டாக்டரிடம் கேட்டாலும் சொல்வார். மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கும் ஆபத்தும் உண்டு. பழம் பழமாகவே இருக்கட்டும்.

கொய்யாவும் நெல்லியும்: வேறு விளையாட்டு

கொய்யாவை ப்ளூபெர்ரியோடு ஒப்பிடுவதே ஒரு வகையில் தவறு. ஊதா நிறமி கொய்யாவில் இல்லை. ஆனால் நம் வீடுகளில் உண்மையில் குறைவாக இருப்பது எது என்று கேட்டால் கொய்யா மேலே ஏறிவிடும்.

100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமைத் தாண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது, நம் நாட்டு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கணக்குப்படி, ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65. பாதிப் பழத்தில் முடிந்தது. ப்ளூபெர்ரியில் இதே அளவுக்கு முக்கால் கிலோ சாப்பிட வேண்டும். நார்ச்சத்து கொய்யாவில் 5 கிராமுக்கு மேல், ப்ளூபெர்ரியின் இரண்டு மடங்கு. சர்க்கரை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. சிவப்புக் கொய்யாவாக இருந்தால் தக்காளியில் இருக்கிற லைகோபீனும் சேர்ந்துவிடும்.

வைட்டமின் சி எதற்கு இவ்வளவு முக்கியம்? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. கீரை, பருப்பு, கேழ்வரகில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சுலபமாக ஒட்டாது. கூடவே வைட்டமின் சி போனால் ஒட்டும். மதியம் கீரைச் சாதம் சாப்பிட்டு முடித்ததும் நாலு துண்டு கொய்யா சாப்பிடுகிற கல்லூரிப் பெண்ணுக்கு அந்தக் கொய்யா செய்வதை ஒரு டப்பா ப்ளூபெர்ரி செய்யாது. வீட்டில் ரத்தசோகை இருந்தால் ஒப்பீடு அங்கேயே முடிந்துவிட்டது.

மார்க்கெட் ஓரத்தில் கூடை வைத்திருக்கும் பாட்டி ஒருவர் எடை போடுவதற்கு முன்னால் கேட்பார்: "சுகர் இருக்குதா கண்ணு? அப்ப பழுத்தது வேணாம், செங்காயா போடறேன்." தோல் பச்சை மாறி மஞ்சள் எட்டிப் பார்க்கிற, பல்லில் கடித்தால் நறுக்கென்று உடைகிற பருவம். சரியான ஆலோசனைதான், பழுக்கப் பழுக்க இனிப்பு ஏறும். அவரே பழத்தை நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் அள்ளிப் பூசுவார். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அங்கே மட்டும் கையைக் காட்டி நிறுத்திவிட வேண்டும்.

கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளிதான், போர்த்துகீசியர் காலத்தில். இன்று அதை யாரும் வெளிநாட்டுப் பழம் என்று சொல்வதில்லை. சில நூறு வருஷம் போனால் ப்ளூபெர்ரிக்கும் அந்த மரியாதை கிடைக்கலாம், மண் ஒத்துழைத்தால்.

பல் செட்டு கட்டியவர்களுக்குக் கொய்யா விதை பெரிய தொல்லை. அவர்களுக்குப் பப்பாளி: மெத்தென்று இருக்கும், வைட்டமின் சி 60 மில்லிகிராம். விலையும் கொய்யாவைவிடக் குறைவு.

நெல்லிக்காயின் வைட்டமின் சி கொய்யாவுக்கு இணை அல்லது மேல். ஆனால் யாரால் தினமும் 100 கிராம் பெருநெல்லி தின்ன முடியும்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதுவே போதும். தேன் நெல்லி என்று பாட்டிலில் வருவது பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிய மிட்டாய். அதைச் சத்து என்று சொல்லிக் குழந்தைக்குக் கொடுப்பதற்கு மிட்டாய் என்றே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

திராட்சை, கத்திரிக்காய், மற்றவை

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை நாவல் இல்லாத மாதங்களுக்கு நல்ல மாற்று. கருப்புத் தோலில் அதே நிறமிக் குடும்பம். மேலே சொன்ன நீரிழிவு ஆய்வில் ப்ளூபெர்ரிக்கு அடுத்து வந்ததும் திராட்சைதான். தோலைத் துப்பாமல் சாப்பிட வேண்டும்; துப்பினால் நிறமி போச்சு. சர்க்கரை 100 கிராமுக்கு 15 கிராம், ப்ளூபெர்ரியைவிட ஒன்றரை மடங்கு, அதனால் சர்க்கரைக்காரர்கள் ஒரு கைப்பிடியோடு நிறுத்த வேண்டும். மருந்து அடித்து வளர்க்கிற பயிர் என்பதால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

மலையடிவாரப் புதர்களில் களாப்பழம் கிடைக்கும். கருஞ்சிவப்பு, புளிப்பு, நிறமி உண்டு. வண்டியில் தினமும் வரும் பழம் இல்லை என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. கருப்புக் கவுனி அரிசியிலும் இதே வகை நிறமிதான், ஆனால் அது சோறு. பழத்துக்குப் பதில் ஆகாது.

ஊதா நிறம்தான் முக்கியம் என்கிறவர்களுக்கு நம் மாவட்டத்தின் சொந்தச் சரக்கு ஒன்று இருக்கிறது: இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. ஊதாக் கத்திரிக்காயின் தோலில் நாசுனின் என்ற நிறமி. அதுவும் டெல்ஃபினிடின் வம்சம்தான். ஒரே சங்கடம், பச்சையாகத் தின்ன முடியாது. வதக்கினால் நிறம் பழுப்பாகிவிடுகிறது, எண்ணெயையும் குடிக்கிறது. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காயை ஆரோக்கியக் கணக்கில் எழுத எனக்கும் ஆசைதான். முடியாது.

ப்ளூபெர்ரி ஜெயிக்கும் இடம்

1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நடந்தது இங்கே, சி.எம்.சி. மருத்துவமனையில். அதிலிருந்து சிறுநீரகத்துக்காக இந்த ஊருக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ஆற்காடு ரோடு லாட்ஜுகளில் மாதக் கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் எத்தனை! உள்ளூரிலும் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் பாதித்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடக்கூடாது. ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது என்று பட்டியல் கொடுத்துவிடுவார்கள். நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த கொய்யாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது: 100 கிராமில் 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம், வாழைப்பழத்தைவிட அதிகம்.

ப்ளூபெர்ரியில் வெறும் 77. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சிறுநீரக நோயாளிகளுக்கான உணவுப் பட்டியல்களில் அது அனுமதிக்கப்பட்ட பழமாக வருவது இதனால்தான். பழமே தொடக்கூடாது என்று பயந்து மாதக் கணக்கில் ஒதுங்கி இருக்கிறவருக்கு அரை டப்பா ப்ளூபெர்ரி பெரிய ஆறுதல். அந்தச் செலவை நான் வீண் என்று சொல்லமாட்டேன். கையைக் கடித்தால் ஆப்பிளும் அன்னாசியும் 100 கிராமுக்கு 110 மில்லிகிராமுக்குள்தான். நாவலும் சீசனில் 80க்கு ஒட்டித்தான் இருக்கிறது. எத்தனை கிராம், வாரத்தில் எத்தனை நாள் என்பதை உங்கள் டயட்டீஷியன் ரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்ல வேண்டும். கட்டுரை படித்து முடிவு செய்யக்கூடாத விஷயம் இது.

இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் இந்த ஊரில் அதிகம். ப்ளூபெர்ரியில் 100 கிராமுக்கு 19 மைக்ரோகிராம் வைட்டமின் கே உண்டு. அந்த மாத்திரையின் வேலையைக் குறைப்பது இந்த வைட்டமின். கீரையோடு ஒப்பிட்டால் இது கொசுறு. எப்போதாவது நாலு பழம் தின்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் திடீரென்று தினமும் 150 கிராம் ஆரம்பித்தால் அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு சின்ன இடம் குழந்தைகள். வேறு எந்தப் பழத்தையும் தொடாத பிள்ளை ப்ளூபெர்ரியை மட்டும் ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்ளும் என்றால், பணம் இருந்தால் வாங்குங்கள். சின்னக் குழந்தைக்கு முழுசாகக் கொடுக்காமல் நசுக்கியோ இரண்டாக வெட்டியோ கொடுங்கள், தொண்டையில் சிக்கும் அளவு அது.

ஞாபக சக்திக்காக அத்தையிடம் நான் பரிந்துரைக்கவில்லை. ரத்தக்கொதிப்பைக் கட்டுக்குள் வைப்பது, சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது, காலையில் கோட்டைப் பக்கம் ஒரு நடை, இவற்றுக்கு இருக்கிற ஆதாரம் எந்தப் பெர்ரிக்கும் இல்லை. போனில் மகனிடம் அதை யார் சொல்வது என்பதுதான் அங்கே பிரச்சினை.

வாங்குவதென்றால்

சரி, எல்லாம் கேட்டபிறகும் ப்ளூபெர்ரிதான் வேண்டும் என்றால், ஃப்ரோசன் பாக்கெட்டை முதலில் பாருங்கள். பறித்த கையோடு உறைய வைப்பதால் நிறமி குறைவதில்லை, வீணாகாது, கிராமுக்கு விலையும் பெரும்பாலும் குறைவு. வேலூர் மே மாதத்தில் கடல் தாண்டி வந்த புதுப் பழத்தைவிட அது நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். வீடு போய்ச் சேரும் வரை உருகாமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான்.

உலர்ந்த ப்ளூபெர்ரி என்று விற்பதைப் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். பெரும்பாலும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்திருக்கும். மஃபினில், ஐஸ்கிரீமில், கேக் மேல் வரும் ஊதாக் கூழில் பழம் எவ்வளவு, சாயம் எவ்வளவு என்பதும் லேபிளில் தெரியும். பாட்டில் ஜூஸ் வேண்டவே வேண்டாம். நீரிழிவு ஆய்வில் பழச்சாறு எந்தப் பக்கம் விழுந்தது என்று மேலே பார்த்தோம். கேப்சூலுக்கும் இதே பதில். நாவல் ஜூஸ் என்று அட்டைப் பெட்டியில் வருவதும் இதில் சேர்த்தி.

புதுப் பழம் என்றால் டப்பாவைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடியில் ஊதாக் கறை இருந்தால் உள்ளே நசுங்கியிருக்கிறது, அடுத்த நாளே பூஞ்சை. நல்ல பழத்தின் மேல் விபூதி பூசினாற்போல் வெள்ளைப் படலம் இருக்கும். அது மருந்து இல்லை, பழத்தின் சொந்த மெழுகு. அது கலையாமல் இருந்தால் அதிகம் கைபடாத பழம். ஆட்டினால் உருள வேண்டும், ஒட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் கழுவி வைக்காதீர்கள். சாப்பிடும்போது அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து அலசுங்கள். மீதியை ஈரமில்லாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.